மொறிஸ் மைனர் 1000: வாங்க முதல் அடியில என்ன பாக்கிறது?

புதுச்சாவி (கோண்டாவில்)

வணக்கம். 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். நாலு கதவு. 1098 எஞ்சின் எண்டு விக்கிறவர் சொல்லுறார். வெளியில நல்ல வடிவு, போன வருசம்தான் பெயின்ற் அடிச்சதாம். சாவியைத் திருப்பின உடன ஸ்ராட் எடுக்குது. ஸ்ரியரிங் மட்டும் சரியான இறுக்கம், வளைச்சு விட்டால் தானாத் திரும்பி வருகுதில்லை. பிறேக் முதல் மிதியில கீழ போகுது, இரண்டாம் மிதியில மேல நிக்குது. எதை எதைப் பாக்க வேணும்? எஞ்சினைக் கழட்டிப்போட்டு டட்சன் எஞ்சின் போடச் சொல்லியும் ஒரு யோசனை வந்தது. அதைப் பற்றியும் சொல்லுங்கோ. ஓட்டம் பெரிசா இல்லை. ரவுணுக்குப் போய் வாறது, மாதத்தில ஒருக்கா வவுனியா.

சுன்னாகம்_கராஜ்

தம்பி, எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ. மைனர் எஞ்சினை எப்பவும் திருத்தலாம், சாமானும் கிடைக்கும். அடித்தகடு போன காரைத்தான் திருத்தி மாளாது. இதுக்குப் புறம்பா செசி (தனி அடிச்சட்டம்) இல்லை. அடித்தகடு, சில் (கதவுக்குக் கீழ நீளமாப் போற பெட்டித் தகடு), குறொஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) எல்லாம் ஒண்டாச் சேர்ந்துதான் பாரம் தாங்குது. போன வருசம் அடிச்ச பெயின்ற் எண்டால் அதுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு பாக்க ஒரு காந்தம் கொண்டு போங்கோ. புட்டி அப்பின இடத்தில காந்தம் பிடிக்காது. கூட ஒரு மழுங்கின ஸ்குறூ டிறைவரும், ரோச் லைற்றும், நல்ல ஜாக் ஒண்டும்.

முதல் இடம் முன் சீற்றுகளுக்குக் கீழ குறுக்கால போற குறொஸ் மெம்பர். அதின்ர இரண்டு நுனியிலயும் ஜாக் கொழுவுற இடம் இருக்கு. ரோஷன் பார் (முன் ஸ்பிறிங்கா வேலை செய்யிற முறுக்குக் கம்பி) இரண்டினதும் பின் நுனி பூட்டியிருக்கிறதும் இந்தக் குறொஸ் மெம்பரிலதான். ஆனபடியால் இது உக்கினால் ஜாக் வைக்க ஏலாது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ, முன் சஸ்பென்சன் பிடிச்சு நிக்கிற இடமே போகுது. ஸ்குறூ டிறைவரால குத்துங்கோ. விக்கிறவர் முகம் சுளிச்சாலும் குத்துங்கோ. உக்கின தகட்டை வெட்டி எடுக்காமல் மேல புதுத் தகடு ஒட்டி, கறுத்த அண்டர் சீல் தடிப்பா அடிச்சிருந்தால் அந்த வேலையை நம்ப ஏலாது. இரண்டு தகட்டுக்கும் நடுவில ஈரம் நிண்டு புதுசையும் தின்னும்.

அடுத்தது பின் ஸ்பிறிங்கின்ர முன் ஹேங்கர் (ஸ்பிறிங் நுனியைப் பிடிக்கிற தாங்கி). பின் சக்கரம் எறியிற சேறு அங்கதான் போய் நிக்கும். கடற்கரைப் பக்கம் ஓடின கார் எண்டால் இதைக் கட்டாயம் பாக்க வேணும். பிறகு டிறைவர் பக்கத்துக் காலுக்குக் கீழ போற பெட்டிச் சட்டம். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் அதுக்குள்ளதான் ஒளிஞ்சு கிடக்கு. அது கசிஞ்சால் பிறேக் ஒயில் உள் பெயின்றை உரிச்சுப்போடும், அதுக்குப் பிறகு கறள். காப்பெற்றைத் தூக்கி மூடியைக் கழட்டி உள்ள லைற் அடிச்சுப் பாருங்கோ.

சில் நல்லதோ எண்டு பாக்க ஒரு வழி. குறொஸ் மெம்பர் நுனியில ஜாக் வச்சு ஒரு பக்கத்தைத் தூக்கிப்போட்டு அந்தப் பக்கத்துக் கதவுகளை மெதுவாத் திறந்து மூடுங்கோ. நிலத்தில நிக்கேக்க இருந்த இடைவெளி மாறினாலோ, பூட்டு விழாமல் போனாலோ, சில்லுக்குள்ள ஒண்டும் மிச்சமில்லை.

இனி ஸ்ரியரிங். மைனர் றாக் அண்ட் பினியன். சரியா இருந்தால் ஒரு கையால சுத்தலாம். ரயர் காத்தைப் பாருங்கோ: முன்னுக்கு 22 பவுண், பின்னுக்கு 22, ஆள் ஏத்தினால் 24. றேடியல் ரயர் எண்டால் இரண்டு பவுண் கூட. காத்துச் சரியா இருந்தும் இறுக்கம், வளைச்சால் திரும்பி வராது எண்டால் காய்ஞ்ச ட்றணியன்தான்.

இந்தக் காரின்ர முன் சஸ்பென்சனில போல் ஜொயின்ற் (பந்து மூட்டு) கிடையாது. சக்கரத்தைத் தாங்குற சுவிவல் பின்னின்ர மேலயும் கீழயும் புரி வெட்டியிருக்கு, அந்தப் புரியில ட்றணியன் ஏறி இறங்கித்தான் சக்கரம் திரும்புது. கிறீஸ் போகாட்டில் புரி தேயும். கீழ் ட்றணியன்தான் முதல் போறது. தேய்ஞ்சு முடிஞ்சால் பின் கழண்டு சக்கரம் மட்காட்டுக்குள்ள மடியும். பெரும்பாலும் முழுக்க வளைச்சு மெதுவா றிவேர்ஸ் எடுக்கேக்கதான் நடக்கிறது. ஓட்டத்தில நடந்தால் சொல்லத் தேவையில்லை.

சோதிக்கிற விதம்: முன் பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தால் ஒருத்தரை பிறேக்கை அமத்தச் சொல்லுங்கோ. அமத்தின உடன ஆட்டம் நிண்டால் வீல் பெயாறிங், மாத்தினால் சரி. அமத்தியும் ஆடினால் ட்றணியனும் சுவிவல் பின்னும். இரண்டையும் சோடியா மாத்துங்கோ. புது ட்றணியனைத் தேய்ஞ்ச பின்னில ஏத்திறது காசுக்குக் கேடு. இடம், வலம் வேற வேற புரி, மாறி வாங்கிப் போடாதேங்கோ.

வாங்கின பிறகு 1,000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ். ஒவ்வொரு பக்கமும் மூண்டு நிப்பிள்: மேல் ட்றணியன், கீழ் ட்றணியன், ரை றொட் எண்ட். சக்கரம் நிலத்தில நிக்கேக்க அடிச்சால் பாரம் புரியின்ர ஒரு பக்கத்தை அமத்தி வச்சிருக்கும், கிறீஸ் மற்றப் பக்கத்தால வழிஞ்சு போகும். தூக்கி வச்சு, ஒருத்தர் ஸ்ரியரிங்கை அந்தத்துக்கு அந்தம் திருப்பத் திருப்ப அடியுங்கோ. பழைய கறுப்புப் போய்ப் புதுசு எல்லா ஓரத்தாலயும் எட்டிப் பாக்குமட்டும்.

வண்டலூர்_ஹெரால்ட் (சென்னை)

அண்ணே, ஒரு சந்தேகம். ட்ரன்னியனுக்கு கிரீஸா? ஸ்டாண்டர்டு ஹெரால்டு புதுசா வாங்குறவங்களுக்கு நாங்க முதல்ல சொல்றதே கிரீஸ் கன்னைக் கிட்ட கொண்டு போகாதீங்கன்னுதான். ஈபி 90 கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் போட்டா புரியோட அடி வரைக்கும் இறங்காம ஓரத்துல காஞ்சு கெட்டியாயிடும், உள்ள தண்ணி தங்கி வெர்டிகல் லிங்க் துருப்பிடிச்சு ஒடியும். மைனருக்கும் அதே கணக்குதானே?

சுன்னாகம்_கராஜ்

இல்லை. ஹெரால்டில மேல போல் ஜொயின்ற், கீழ மட்டும்தான் புரி. அந்தக் கீழ் ட்றணியன் ஒயிலைத் தேக்கி வைக்கிற மாதிரிச் செய்தது. மைனரில மேலயும் கீழயும் புரி, றப்பர் சீல்தான் அடைப்பு. ஒயில் விட்டால் நிக்காது. கொம்பனி கைநூலும் கிறீஸ் எண்டுதான் சொல்லுது. இரண்டுக்கும் ட்றணியன் எண்டு ஒரே பேர் இருக்கிறதால இஞ்சையும் சில பேர் இணையத்தில ஹெரால்ட் பக்கத்தை வாசிச்சிட்டு மைனருக்கு ஈபி 90 விடினம்.

ஈபி 90 மைனரில போற இடம் பின் அக்சில் (ஏறத்தாழ 0.85 லீற்றர்), ஸ்ரியரிங் றாக், அவ்வளவுதான். கியர் பொக்சுக்குள்ள விடக்கூடாது. மைனர் கியர் பொக்சுக்கு எஞ்சின் ஒயில், 1.3 லீற்றர். ஈபி ஒயிலில இருக்கிற கந்தகச் சேர்மானம் சிங்கிறோ வளையங்களின்ர (கியர் உரசாமல் விழ உதவுற வளையம்) வெண்கலத்தை அரிக்கும். கியர் பொக்ஸ் எண்டாலே 90 எண்டு பழகின சேர்விஸ் ஸ்ரேசன்காரர் கேளாமலே ஊத்திப்போடுவினம், பக்கத்தில நிண்டு பாருங்கோ.

வண்டலூர்_ஹெரால்ட் (சென்னை)

சரிண்ணே, இப்ப விளங்குது. கியர் பாக்ஸ் விஷயம் எனக்கே புதுசு.

பஞ்சிகாவத்தை (கொழும்பு)

எஞ்சினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆகவே நான். 1098 என்று வாயால் சொல்வதை விடுங்கள். பிளொக்கில், டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. அதற்குப் பின்னால் எச் அல்லது எல் வரும்: எச் கூடிய கொம்பிறஷன், எல் குறைந்தது. 948இல் எச் என்றால் 8.3, எல் என்றால் 7.2. 1098இல் 8.5, 7.5. எதற்கும் 92 ஒக்ரேன் பெற்றோல் போதும், 95க்குக் காசு கொடுக்க வேண்டாம்.

1956 முதல் 1962 வரை 948, அதற்குப் பிறகு 1098. 1098 வந்தபோது முன் டிறம் 7 அங்குலத்தில் இருந்து 8 ஆனது, கியர் பொக்ஸ் வெளிப்பக்கம் வரிவரியாக வந்தது, டிபரன்சல் (பின் அக்சில் கியர்) விகிதம் 4.55இல் இருந்து 4.22 ஆனது. காபரேற்றர் எச்2க்குப் பதில் எச்எஸ்2. எச்எஸ்2 என்றால் மிதவைக் கிண்ணத்தில் இருந்து ஜெற்றின் அடிக்கு மெல்லிய நைலோன் குழாய் ஒன்று போகும், பார்த்தவுடன் தெரியும். 60 வருடக் கார், எது எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

வடக்கில் ஓடிய எஞ்சின் என்றால் இன்னொரு விடயம். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் ஏராளம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும், ஒயில் தண்ணீர் ஆகும், வளையமும் போரும் (சிலிண்டர் துளை) பெயாறிங்கும் சேர்ந்து தேயும். அன்றைக்கு எல் எஞ்சின்கள் தாக்குப் பிடித்ததற்குக் காரணம், மண்ணெண்ணெய் குறைந்த ஒக்ரேன், கூடிய கொம்பிறஷனில் தட்டும். அதற்குப் பிறகு போர் வெட்டப்பட்டதா என்று கேளுங்கள். விடை நம்பும்படி இல்லை என்றால் கொம்பிறஷன் பாருங்கள்: எஞ்சின் சூட்டில், நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தபடி. நான்கும் ஒன்றுக்கொன்று 15 பவுணுக்குள் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் ஹெட் கஸ்கற்.

சாமான்: மைனர் எஞ்சின் பி.எம்.சி. ஏ சீரிஸ். மினி, ஸ்பிறைற், மிட்ஜெற், ஒஸ்ரின் ஏ35 எல்லாம் அதே குடும்பம், பல உள் சாமான் பொதுவானது. அம்பாசடர் சாமான் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்பாசடரின் 1489 சீசீ எஞ்சின் பி சீரிஸ், ஒரு கஸ்கற்கூடப் பொருந்தாது.

புதுச்சாவி (கோண்டாவில்)

பெரிய நன்றி. இண்டைக்குப் போய்ப் பாத்தன். குறொஸ் மெம்பர் இரண்டு நுனியும் தட்ட நல்ல சத்தம், ஸ்குறூ டிறைவர் இறங்கேல்லை. இடப் பக்கச் சில் ஒட்டு. கீழ் ட்றணியன் இடப் பக்கம் பிறேக் அமத்தியும் ஆடுது. எஞ்சின் தகட்டில 9எம் – யூ – எல் எண்டு இருக்கு! முன் டிறம் அளந்தன், 8 அங்குலம். காபரேற்றரில நைலோன் குழாய் இல்லை. இது என்ன கணக்கு?

பஞ்சிகாவத்தை (கொழும்பு)

கணக்கு லேசு. கார் 1098 காலத்துக் கார், எஞ்சின் பழைய 948 குறைந்த கொம்பிறஷன், காபரேற்றரோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். முதலில் சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) இருக்கும் எஞ்சின் இலக்கம் எது என்று பாருங்கள். தகட்டில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் வேறு என்றால் அதை விற்கிறவர் தன் பெயரில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்து தந்த பிறகு காசு கொடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று எடுத்தால் அந்த அலைச்சல் உங்களுடையது.

அடுத்தது டிபரன்சல். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள், மற்றது நிலத்தில். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியர் நியூற்றலில், கைப் பிறேக் எடுத்து விட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒருவர் புறொப்பெலர் சாப்ற்றில் சோக்கால் கோடு போட்டு எண்ண வேண்டும். நாலேகாலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.22, நாலரையைச் சற்றுத் தாண்டினால் 4.55. 37 குதிரை வலு 948ஐ 4.22 டிபரன்சலில் கட்டியிருந்தால் ஏற்றத்திலும் ஆள் ஏற்றியும் இழுக்கச் சிரமப்படும். அதுவும் எல் எஞ்சின், 37கூட வராது. 1098 என்றால் 48. விலையில் இதைப் பேசலாம்.

மழைநாட்டு_மைனர் (லண்டன்)

வவுனியா ஓட்டம் எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஆனபடியால் ஒரு கணக்கு. 4.55 டிபரன்சலில மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடேக்க எஞ்சின் ஏறத்தாழ 3,300 சுத்து, 4.22இல 3,000 சொச்சம். இரண்டும் நாள் முழுக்கத் தாங்கும். 95க்கு மேல போனால் சத்தமும் சூடும்தான் மிச்சம். ஏ9 வீதியில பின்னால வாற பஸ்காரன் ஹோண் அடிச்சால் வழி விடுங்கோ, போட்டி வேண்டாம். நாலு டிறம் பிறேக், பூஸ்ரர் இல்லை. முன் வாகனத்தோட விடுற இடைவெளி இப்பத்தைய காருக்கு விடுறதைப் போல இரண்டு மடங்கு வேணும்.

முதல் கியருக்குச் சிங்கிறோ இல்லை. கார் நிண்ட பிறகுதான் முதல் கியர், அல்லது டபிள் கிளச்: கிளச் மிதிச்சு நியூற்றல், கிளச் விட்டு அக்சிலரேற்றரைக் கொஞ்சம் அமத்தி எஞ்சினை ஏத்தி, மறுபடி கிளச் மிதிச்சு முதல் கியர். கிளச் பெடலில காலை வச்சுக்கொண்டு ஓடாதேங்கோ. இதில றிலீஸ் பெயாறிங் உருளை இல்லை, காபன் வளையம். தேய்ஞ்சால் எஞ்சினும் கியர் பொக்சும் பிரிய வேணும்.

சாமான் இஞ்ச இருந்து எடுக்கிறதெண்டால் ட்றணியன், சுவிவல் பின், பிறேக் சிலிண்டர் எல்லாம் தட்டுப்பாடில்லை. தகடுச் சாமானுக்கு இஞ்ச வர வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது ஒரு காலம். பாத் நகரத்தில மொறிஸ் மைனர் சென்ரர் நடத்தின சார்ள்ஸ் வெயார் 90களில இலங்கையிலயே டியூறபிள் கார் கொம்பனியைத் தொடங்கி, அங்க செய்த சாமானைத்தான் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தவர். நாங்கள் லண்டனில இருந்து அனுப்புற பெட்டிக்குள்ள எங்கட ஊர் வேலையும் இருந்திருக்கலாம்.

ஸ்பானர் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16 மூண்டும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். 1/2 நட்டுக்கு 13 மில்லிமீற்றர் போடாதேங்கோ. ஏறும், இறுகின நட்டில வழுக்கி முனையைத் தின்னும்.

சுன்னாகம்_கராஜ்

பிறேக்குக்கு வாறன். முதல் மிதி கீழ, இரண்டாம் மிதி மேல எண்டால் அனேகமாச் சப்பாத்து (பிறேக் ஷூ) டிறம்மை விட்டுத் தள்ளி நிக்குது. காத்து இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமரும், இது அப்பிடி இல்லை. முன் சக்கரம் ஒவ்வொண்டுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர், பின் சக்கரத்துக்கு ஒண்டு. முன்னுக்கு ஒண்டை மட்டும் இறுக்கிப்போட்டு வாறதுதான் வழமையாக நடக்கிற பிழை, அப்ப கார் ஒரு பக்கம் இழுக்கும். ஹப் கப்பைக் கழட்டி, சக்கரத்தைச் சுத்தி, டிறம்மில இருக்கிற ஓட்டையை அட்ஜஸ்ரர் வெட்டுக்கு நேர கொண்டு வாங்கோ. ஸ்குறூ டிறைவரால வலம் சுத்தி, சக்கரம் பூட்டினதும் ஒரு பல்லுப் பின்னுக்கு விடுங்கோ. முன்னுக்கு இரண்டாவதையும் அப்பிடியே.

இதுக்குப் பிறகும் பெடலை ஒரே அமத்தில வச்சிருக்க மெல்ல மெல்லக் கீழ போனால், வெளியில கசிவும் இல்லை எண்டால், மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள சீல் போயிட்டுது. அதைக் கழட்டிறதுதான் இந்தக் காரில பெரிய தலையிடி. போல்ற்றை வெளியில இழுக்க ரோஷன் பார் மறிச்சுக்கொண்டு நிக்கும். பாரின்ர இழுவையை எடுத்து விலத்தினால்தான் வரும். முறுக்கேறின பார் அது, ஜாக் ஒண்டை நம்பிப் படுத்துச் செய்யிற வேலை இல்லை. அடித்தகட்டை வெட்டி எடுக்கச் சொல்லிற ஆக்களும் இருக்கினம். வெட்டினால் முதல் சொன்ன பாரம் தாங்குற தகட்டில ஓட்டை.

போட்ட பிறகு புஷ் றொட்டுக்கும் பிஸ்ரனுக்கும் நடுவில மெல்லிய இடைவெளி இருக்க வேணும். விரலால அமத்தினால் பெடல் கொஞ்சம் வெறுமனே ஆட வேணும். இடைவெளி இல்லாட்டில் ஒயில் திரும்புற சின்ன ஓட்டை அடைபடும், ஓட ஓடப் பிறேக் தானா இறுகிக்கொண்டு வரும். காத்து எடுக்கிற வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டொட் 4 பிறேக் ஒயில். நடுவில ஒரு துளி எஞ்சின் ஒயில் பட்டாலும் றப்பர் எல்லாம் வீங்கும். வளையிற ஹோஸ் மூண்டையும் வயசு தெரியாட்டில் பாக்காமலே மாத்துங்கோ. வெளியில புதுசா இருக்கும், உள்ள வீங்கி ஒயிலைத் திரும்ப விடாது.

வண்டலூர்_ஹெரால்ட் (சென்னை)

எஞ்சின் மாத்துற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் டட்சன் பக்கம்தான். ஏ12, 1171 சிசி, கார்பரேட்டர் எஞ்சின். தினமும் ஓட்டுறவங்களுக்கு பழைய 948ஐ இழுத்துப் பிடிக்கிறதுல என்ன லாபம்?

பஞ்சிகாவத்தை (கொழும்பு)

லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவை எஞ்சின் விலையோடு நிறுத்த முடியாது. மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும், புறொப்பெலர் சாப்ற்றை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்க வேண்டும், கியர் லீவர் வரும் இடத்தில் தகடு வெட்ட வேண்டும், சைலன்சர், றேடியேற்றர் ஹோஸ், வயறிங், எல்லாவற்றுக்கும் மேலே சீ.ஆர். புத்தகம். வலு கூடினால் பிறேக்கும் கூட வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட கார்களைத்தான் சந்தையில் அதிகம் பார்க்கிறோம்.

மழைநாட்டு_மைனர் (லண்டன்)

இஞ்ச வலு வேணும் எண்டால் மொறிஸ் மரீனாவின்ர 1275 போடுவினம். அதுவும் ஏ சீரிஸ்தான், பெரிய வெட்டுக்கொத்து இல்லை. ஆனால் அதோட முன் டிஸ்க் பிறேக்கும் போட்டுத்தான் ஓடுவினம். உங்களுக்கு ஒரு நல்ல 10எம்ஏ பிளொக் கிடைச்சால் அதுவே போதும். கார் திரும்பத் தன்ர எஞ்சினுக்கு வந்த மாதிரியும் இருக்கும்.

சுன்னாகம்_கராஜ்

முதல் ட்றணியன், பிறேக், சில். அந்தக் காசு போன பிறகும் மிச்சம் இருந்தால் எஞ்சின். 948 எல் மெதுவாப் போகும், ஆனால் வவுனியாவுக்குப் போகும்.

போக வேணும் எண்டால் தண்ணியைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கேத்திலுக்குள்ள படியிற வெள்ளை றேடியேற்றருக்குள்ளயும் பிளொக்குக்குள்ளயும் படியும். மழைத் தண்ணி அல்லது பற்றரிக்கு விடுற தண்ணி, கூலன்ற் கலந்து. மொத்தம் 5 லீற்றர் அளவு, பெரிய செலவில்லை. பிளொக்கின்ர வடிகால் ரப்பைத் திறந்தால் தண்ணி வராட்டில் கம்பியால குத்துங்கோ. ஊத்தை பின் பக்கம், 4ஆம் சிலிண்டரைச் சுத்தித்தான் படியும், அங்கதான் சூடும் ஏறும்.

வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில பெருவிரல் நீளத்தில ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கு, கண்ணில படாது. வெடிச்சால் நிமிசத்தில தண்ணி போயிடும். நேர் ஹோஸ் போட ஹெட் அல்லது பம்ப் கழட்ட வேணும். மடிப்பு மடிப்பா வாற ஹோஸ் எண்டால் சுருக்கி உள்ள விடலாம். காரை எடுத்த கிழமையே மாத்துங்கோ.

வால்வு இடைவெளி குளிரில 12 தவ், அதாவது 0.012 அங்குலம். ஒன்பதுக் கணக்கில செய்யுங்கோ: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்து நிக்கேக்க 1ஐச் சரிசெய்யிறது, 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5, அப்பிடியே. 1, 4, 5, 8 நாலும் எக்ஸோஸ்ற். ஈயமில்லாப் பெற்றோல் வந்த பிறகு எக்ஸோஸ்ற் சீற் உள்ள அமரப் பாக்கும். ஒவ்வொரு முறையும் அந்த நாலில இடைவெளி குறைஞ்சு வந்தால் அதுதான். ஹெட் கழட்டுற நாளில கடினச் சீற் அடிச்சால் முடிஞ்சுது, அதுக்கெண்டு இப்ப கழட்டாதேங்கோ. றொக்கர் சாப்ற்றை மட்டும் தனியாக் கழட்ட நினைக்காதேங்கோ. அதின்ர நட்டில நாலு ஹெட்டையும் பிடிக்கிற நட். மிச்ச அஞ்சு ஹெட் நட்டையும் சேர்த்துத் தளர்த்தாட்டில் ஹெட் கோணும். திரும்ப இறுக்கேக்க 40 பவுண்-அடி, நடுவில இருந்து வெளியால.

பஞ்சிகாவத்தை (கொழும்பு)

பற்றியை (பற்றரி) கழற்ற முதல் எந்த முனை ஏர்த் (காரின் உடலோடு இணைந்தது) என்று பாருங்கள். இந்தக் கார் தொழிற்சாலையில் இருந்து வந்தது பொசிற்றிவ் ஏர்த்தாக. யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். மாற்றுவதென்றால் பற்றி வயரோடு கொயில் வயர் இரண்டையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனையை றெகுலேற்றரில் இருந்து கழற்றி, பற்றியின் உயிர் வயரால் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். அந்தப் பொறியில்தான் டைனமோவுக்குப் புதுத் திசை பிடிக்கும். பற்றி முனை இரண்டும் ஒரே தடிப்பில்லை, பழைய கிளாம்பை அடித்து ஏற்றாதீர்கள்.

புதுச்சாவி (கோண்டாவில்)

புத்தகத்தில இருக்கிறது 10எம்ஏ இலக்கம். விக்கிறவர் திணைக்களத்தில சரிசெய்து தாறன் எண்டு சொல்லி, விலையிலயும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். டிபரன்சல் 4.22. கடைசியா ஒண்டு: சாவியைப் போட்டால் எஞ்சினுக்குப் பின்னால டிக் டிக் எண்டு ஒரு சத்தம், எஞ்சின் நிக்கேக்கயும் நிக்காமல் அடிக்குது. சாதாரணமோ?

சுன்னாகம்_கராஜ்

அது எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்ப். சாவி போட்ட உடன வேகமா அடிச்சு, காபரேற்றர் கிண்ணம் நிறைஞ்சதும் நிக்க வேணும். பிறகு அரை நிமிசத்துக்கு ஒருக்கா அடிச்சால் குற்றமில்லை. நிக்காமல் மெதுவா அடிச்சால் பெற்றோல் எங்கயோ போகுது. நிக்காமல் மிக வேகமா அடிச்சால் ராங்கில இருந்து வாற பக்கம் காத்து இழுக்குது. அடிக்காமலே நிண்டால் உள் பொயின்ற் கரிஞ்சிருக்கும், மெல்லத் தட்டினால் எழும்பும், ஆனால் அதை நம்பி வவுனியா போகாதேங்கோ. பொயின்ற்றைக் கழட்டித் துப்புரவாக்க வேணும்.

உங்கட எது? காபரேற்றர் மிதவைக் கிண்ணத்து மூடியில இருந்து கீழ போற ஓவர்புளோக் குழாயைத் தொட்டுப் பாருங்கோ. சிகரெற் எரியாமல்.

புதுச்சாவி (கோண்டாவில்)

மெதுவாத்தான் அடிக்குது. குழாய் ஈரம், பெற்றோல் மணக்குது.

சுன்னாகம்_கராஜ்

அப்ப நீடில் வால்வு பிடிக்கேல்லை. கிண்ணத்து மூடியில மூண்டு வேலை: நீடிலும் சீற்றும் புதுசு போடுறது, கிண்ணத்தின்ர அடியில கிடக்கிற கறளை வழிச்சு எடுக்கிறது, மிதவையைக் கழட்டிக் காதுக்குக் கிட்ட ஆட்டிப் பாக்கிறது. உள்ள பெற்றோல் சலசலத்தால் மிதவையும் ஓட்டை, அதையும் சேர்த்து வாங்குங்கோ. அது எச்2 காபரேற்றர் எண்டு கடையில சொல்லி வாங்குங்கோ, எச்எஸ்2 சாமான் தந்துவிடுவினம்.